பூசையில் இருந்த ஹெல்மெட்

பினாங்குத் தீவில் தலையை மூடாமல் சைக்கிள் ஓட்டுகிற எவனையும் கனகேஸ்வரி மனிதக் கணக்கில் சேர்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் தலைக்காய வார்டின் சிஸ்டர் அவள். இருபத்தெட்டு வருடமாக அதே வார்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பரிதாபப்பட்டு அழுதிருக்கிறாள். பிறகு கொஞ்ச காலம் கோபப்பட்டுப் பார்த்தாள். இரண்டும் உடம்புக்கு ஆகவில்லை. கடைசியில் இளக்காரத்துக்கு மாறிக்கொண்டாள், அது ஒத்துக்கொண்டது.

மோட்டார் ஓட்டுகிறவனையாவது போலீஸ்காரன் சம்மன் எழுதிப் பயமுறுத்தி வைத்திருக்கிறான். சைக்கிள்காரனைக் கேட்பதற்கு நாதியில்லை. அதனால் அவன் தலை காற்று வாங்கிக்கொண்டு போகிறது. சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ள வாடகை சைக்கிளில் அலையும் சுற்றுலாக்காரர்கள், ஒரு கையில் போனும் மறு கையில் காப்பிப் பொட்டலமுமாக வளைந்து வளைந்து போகிற இளவட்டங்கள், வெள்ளை முடி பறக்கக் கடற்கரைக்குப் போகும் பெரிசுகள் என்று எல்லாரையும் கனகேஸ்வரி பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவாள். "இந்தப் பூசணிக்கா எப்ப உடையப் போவுதோ" என்று வாய்க்குள் முணுமுணுப்பாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வார்டில் அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அடிபட்டு வருகிறவனுக்கு நிரப்புகிற பாரத்தில் ஹெல்மெட் போட்டிருந்தானா இல்லையா என்று ஒரு கட்டம் உண்டு. இல்லை என்றால் ஏன் என்று கேட்க அதில் இடம் கிடையாது. கனகேஸ்வரி கேட்பாள். அவனுக்குப் பேச்சு இருந்தால் அவனிடம், இல்லாவிட்டால் கூட வந்தவர்களிடம். கேட்ட சாக்கைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். வெயில் தாங்கவில்லை. ஹெல்மெட்டில் எறும்பு ஏறியிருந்தது. கல்யாணத்துக்குப் போகிறோமே என்று தலை சீவியிருந்தேன். ஒருவன், அன்று சஷ்டி விரதம், அதனால் ஒன்றும் ஆகாது என்று இருந்தேன் என்றான். "முருகனுக்கு ஒன் மண்டைய புடிச்சிக்கிட்டு நிக்கறதுதான் வேலையா?" என்று அவன் காயத்துக்கு மருந்து வைத்தபடியே கேட்டாள். 

ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வந்த சாக்கு ஒன்றே ஒன்றுதான். பக்கத்துலதான் போனேன். ரொட்டி சானாய் வாங்க, சிகரெட் வாங்க, பிள்ளையை டியூஷனில் விட. எவனும் தூரத்துக்குப் போய் அடிபட்டதாகவே தெரியவில்லை. புதிதாக வந்த சித்தி ஆயிஷா என்ற நர்ஸுக்கு அவள் மலாயில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். "டெக்காட் சாஜா, பக்கத்தில்தான்னு எவன் சொன்னாலும் உள்ளே ரத்தம் கட்டியிருக்குன்னு எடுத்துக்கோ. ஸ்கேன் அப்புறம் வரட்டும்." சித்தி ஆயிஷா சிரித்தாள். அந்தச் சாக்கைக் கேட்கும்போது உதட்டை ஒரு பக்கமாகச் சுழிக்கவும் சிஸ்டரிடமிருந்தே கற்றுக்கொண்டாள்.

ஒருமுறை ஒரு தமிழ்ப்பள்ளியில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கனகேஸ்வரி இரண்டு பப்பாளியோடு போனாள். ஒன்றை ஹெல்மெட்டில் வைத்துக் கட்டி மாடியிலிருந்து போட்டாள், முழுசாகக் கிடந்தது. இன்னொன்றைச் சும்மா போட்டாள். பிள்ளைகள் கைதட்டி இன்னொரு தடவை என்று கேட்டார்கள். தலைமையாசிரியர் முகத்தில் விதை ஒட்டியிருந்தது. அதன் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து அவளுக்கு அழைப்பு வரவில்லை. அந்தத் தலைமையாசிரியரும் சைக்கிளில் வெறுந்தலையோடுதான் வீட்டுக்குப் போனார் என்பதையும் அவள் நோட்டில் குறித்து வைத்தாள்.

இந்த இளக்காரம் வார்டில் முளைத்தது அல்ல. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம். அவள் அப்பா துறைமுக அலுவலகத்தில் பெரிய கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறை மேசை உத்தியோகம். மனுஷன் மை கொட்டுகிறவனை மதிக்கமாட்டார், ஐந்து நிமிடம் பிந்தி வருகிறவனை மதிக்கமாட்டார், உடம்பால் உழைக்கிறவனை மதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. சரஸ்வதி பூசையன்று தன் பேனாவையும் ரூல்தடியையும் சாமித்தட்டில் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிப் பூசை முடிந்து கற்பூரம் காட்டும்வரை அவற்றைத் தொடமாட்டார். ஒரு வருடம் அந்த நேரத்தில் அஞ்சல்காரர் பதிவுத் தபாலோடு வந்து நின்றார். கையெழுத்துப் போடமாட்டேன், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அஞ்சல்காரர் தன் பேனாவை நீட்டியும் வாங்கவில்லை. வந்தது பதவி உயர்வுக் கடிதம். அந்தக் கதையை அவர்கள் வீட்டில் ஐம்பது வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார்கள்.

கார் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களைப் பார்த்துக் கனகேஸ்வரி விழுந்து விழுந்து சிரிப்பாள். மணிக்கட்டில் மந்திரித்த கயிற்றோடு வருகிற நோயாளியின் கயிற்றைக் கத்தரிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதெல்லாம் மூடநம்பிக்கை. அப்பாவின் பேனா மட்டும் ஒழுங்கு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்பேர்ப்பட்ட வீட்டிலிருந்து அவள் யுகேந்திரனைக் கட்டிக்கொண்டு வந்ததுதான் அவள் வாழ்க்கையில் செய்த ஒரே அடாவடி. அவன் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவன், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் டெக்னீஷியன். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். அதையும் யுகேந்திரன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "வயித்துக்கு ஒத்துக்கல போல" என்றான். யாரையும் தாழ்வாக நினைக்கத் தெரியாத மனுஷன். முப்பது வருடம் கனகேஸ்வரியோடு குடித்தனம் நடத்தியும் அந்தக் கலையை அவன் கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளை இல்லை. டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஒரு பிளாட்டில் பதினோராவது மாடி. அவளுக்கு அவன் மட்டும்தான், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடம்கூட.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவனுக்குச் சர்க்கரை வந்தது. உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். சைக்கிள் ஓட்டலாமே என்றான். கனகேஸ்வரி சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் ஹெல்மெட்டை வாங்கினாள். வெள்ளை ஹெல்மெட், பின்னால் திருகி இறுக்குகிற வளையம் வைத்தது. கடையில் அவன் தலையை அளந்து, வாரை இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டு, கடைக்காரனைத் தள்ளி நிற்கச் சொல்லித் தானே மாட்டிவிட்டாள். "இது இல்லாம கீழ எறங்கினீங்கன்னா திரும்பி மேல வராதீங்க" என்றாள். அவனும் சொன்னதைத் தட்டாதவன். லிஃப்டிலேயே மாட்டிக்கொள்வான். குப்பை கொட்டப் போகும்போதும் தலையில் இருக்கும். பிளாட்டில் பிள்ளைகள் ஹெல்மெட் அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துக் கையசைப்பான்.

ஏழாவது மாடி ஜெயராஜ்தான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவன். ஐம்பத்தைந்து வயதில் கன்னங்கரேலென்று சாயம் போட்ட முடி, அதை நெற்றிக்கு மேல் தூக்கி வாரி எண்ணெய் போட்டு நிறுத்தியிருப்பான். உடம்பைப் பிடிக்கிற சட்டை, கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை, காலில் மாட்டிய சப்பாத்துக்குக்கூடத் தனி உறை. எல்லாம் இருக்கும், தலையில் மட்டும் ஒன்றும் இருக்காது. ஹெல்மெட் போட்டால் அந்தக் கோபுரம் சாய்ந்துவிடுமே.

"நம்ம என்ன ஒலிம்பிக்கா போறோம் அண்ணே? தெலுக் பகாங் வரைக்கும்தான் லா" என்று ஒருநாள் லிஃப்டில் யுகேந்திரனைக் கிண்டல் செய்தான். கனகேஸ்வரி கூட இருந்தாள்.

"ஜெயராஜ், ஒங்க தலைய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே அக்கா. ஏன்?"

"புது நர்சுங்களுக்குக் காட்ட ஒண்ணு வேணும். உள்ள காலியா இருக்கறது அவ்வளவு சுலபமா கிடைக்காது."

யுகேந்திரன் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது மாடியில் ஜெயராஜ் இறங்கியதும், "பாவம், அவன் மனசு நோவும் கனகா" என்றான். நோகட்டும் என்றாள் அவள்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். ஹாலின் மூலையில் சாமி மேடை. அவளுடைய கத்தரிக்கோல், சட்டையில் குத்துகிற கடிகாரம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் துடைத்து வைத்தாயிற்று. அவனுடைய ஸ்குரூ டிரைவர்களும் மின் அளவு பார்க்கிற மீட்டரும் வரிசையாக வந்தன. சைக்கிளை என்ன செய்வது? பிளாட்டின் லிஃப்ட் ஆள் நிற்கவே இடம் போதாதது, சைக்கிள் எப்போதும் கீழே தூணில் சங்கிலி போட்டுத்தான் நிற்கும். அப்போது கனகேஸ்வரிதான் சொன்னாள், சைக்கிளுக்குப் பதிலாக ஹெல்மெட்டை வைத்துவிடலாம் என்று.

அவளே அதைத் துணியால் துடைத்தாள். மூன்று விரலால் சந்தனக் கோடு இழுத்தாள், நடுவில் குங்குமம் வைத்தாள், மேலே ஒரு முழம் மல்லிகை சுற்றினாள். மேடையில் வைத்துப் பார்த்தபோது சாமிகளுக்கு நடுவே இன்னொரு சாமி மாதிரி இருந்தது. யுகேந்திரன் கைகூப்பிவிட்டு, "எனக்கே பொட்டு வச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தான்.

மறுநாள் விஜயதசமி. இரவு பெய்த மழையில் ஊர் நனைந்து கிடந்தது. கனகேஸ்வரி குளித்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, தேங்காய் பழம் எடுத்து வைத்துவிட்டு வெற்றிலையைத் தேடினாள். ஐஸ் பெட்டிக்குள் வைத்தது குளிரில் கறுத்துப் போயிருந்தது. வெற்றிலை இல்லாத பூசை அவள் அப்பா கண்ட பூசை இல்லை. 

"நான் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன், பத்து நிமிஷம்" என்று யுகேந்திரன் எழுந்தான். பழக்கத்தில் அவன் கை கதவுக்குப் பின்னால் இருந்த ஆணிக்குப் போயிற்று. ஆணி காலியாக இருந்தது. திரும்பி மேடையைப் பார்த்தான்.

"ஹெல்மெட் எடுத்துக்கவா?"

"பூசை இன்னும் முடியல. அதத் தொடக் கூடாது."

"அப்ப சைக்கிள மட்டும் எடுக்கலாமா? அதுக்குத்தானே இது வச்சோம்."

கிளார்க் மகளுக்குப் பதில் உடனே வந்தது. "சைக்கிளுக்குப் பொட்டு வைக்கல. கீழதானே நிக்குது."

அவன் நின்றான். சாதாரணமாக எதிர்த்துப் பேசாதவன், அன்றைக்கும் பேசவில்லை, ஆனால் கிளம்பவும் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, நல்ல நேரம் எட்டரைக்கு முடிகிறது, கனகேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது.

"பக்கத்துலதானே. போயிட்டு வாங்க" என்றாள்.

யுகேந்திரன் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நீயா சொல்ற?" என்றான். பிறகு ஃபேக்டரியில் கொடுத்த பழைய துணித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். அவள் பாலை இறக்கினாள்.

லாரி வரவில்லை, பஸ் வரவில்லை, குடித்துவிட்டு எவனும் காடி ஓட்டிவரவில்லை. இப்படி ஒரு குற்றவாளி கிடைத்திருந்தால் பிற்பாடு கனகேஸ்வரிக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வெற்றிலையை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் யுகேந்திரன் ஒரு கிழவிக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கினான். சாலையோரச் சாக்கடையான லோங்காங் மேல் இரும்புக் கம்பி மூடி, கம்பிகள் சாலையின் நீளவாக்கில் போட்டது. முன் சக்கரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. ஐந்தடி நடைபாதையின் விளிம்புக் கல்லில் தலை மோதியது. நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் வந்துகொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். துணித் தொப்பி தலையிலேயே இருந்தது.

அந்தத் தெருவில் காலைப் பசியாறிக்கொண்டிருந்த ஜெயராஜ்தான் ஓடிப்போய்த் தூக்கினான், ஆம்புலன்ஸில் கூட ஏறினான், கனகேஸ்வரிக்குப் போன் செய்தான். அவள் பூசைப் புடவையோடு தன்னுடைய வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அவன்தான் நின்றான். நெற்றிக்கு மேல் நின்ற கோபுரம் சரிந்து முகத்தில் விழுந்திருந்தது, சட்டையெல்லாம் ரத்தம்.

"அக்கா, அண்ணே ஹெல்மெட் இல்லாம கீழயே எறங்க மாட்டாரே. இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். இளிச்சவாயன் என்று இத்தனை வருடம் அவள் நினைத்திருந்த மனுஷனின் முகத்தைப் பார்க்காமல் கனகேஸ்வரி வார்டுக்குள் போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் பாரத்தை நிரப்பவேண்டும். சித்தி ஆயிஷா அட்டையில் செருகிய தாளோடு வந்தாள். பெயர், வயது, சர்க்கரை, சாப்பிடும் மருந்து என்று எல்லாவற்றுக்கும் கனகேஸ்வரி ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"பாக்காய் ஹெல்மெட் தாக், சிஸ்டர்?" ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

"தாக்." இல்லை.

சித்தி ஆயிஷா கட்டத்தில் குறித்தாள். அதோடு போயிருக்கலாம். ஆனால் அதோடு போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே இந்த சிஸ்டர்தான். பேனா தாளின் மேல் நின்றது. பழக்க தோஷத்தில், ஏன் என்று கேட்டுவிட்டாள்.

கனகேஸ்வரி சுவரைப் பார்த்தாள். சாமி மேடையில் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் இந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு அதை விளக்கவேண்டும், அப்பாவின் பேனாவிலிருந்து தொடங்கவேண்டும். விளக்க விளக்க அது நோட்டுப் புத்தகத்தில் உள்ள சஷ்டி விரதக்காரனின் சாக்கை விடக் கேவலமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் தன் தலையைத்தான் முருகனிடம் விட்டான். இவள் அடுத்தவர் தலையை விட்டிருக்கிறாள். அந்தக் கணத்தில் அவள் தன்னை வெறுத்த அளவுக்கு இருபத்தெட்டு வருடத்தில் எந்த நோயாளியையும் வெறுத்ததில்லை.

"டெக்காட் சாஜா" என்றாள்.

அந்தப் பெண் உதட்டைச் சுழிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, எதையும் எழுதாமல் போய்விட்டாள். சுழித்திருந்தால் தேவலை என்று இருந்தது கனகேஸ்வரிக்கு.

யுகேந்திரன் சாகவில்லை. ஆறாவது நாள் கண்ணைத் திறந்தான். பாதித் தலை மொட்டை, காதுக்கு மேலே அரைவட்டமாகத் தையல். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மனைவியை அடையாளம் கண்டான். அவள் கையை அவன் விரல்களில் வைத்தாள். அவன் உதடு அசைந்தது, அவள் குனிந்தாள்.

"பூசை முடிஞ்சிருச்சா கனகா?"

முடிந்துவிட்டது என்றாள். முடியவில்லை. அந்தப் பூசை இன்றுவரை முடியவில்லை, வெற்றிலை வரவில்லையே. கால்மணி நேரம் கழித்து அவன் திரும்பவும் அதையே கேட்டான். மத்தியானம் கேட்டான், மறுநாள் கேட்டான். டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அடிபட்ட பிறகு புதிதாக எதுவும் மனசில் தங்காமல், ஏதோ ஒரு காலையிலேயே தங்கிப்போனவர்களை அவள் அந்த வார்டில் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் மனைவிமாரிடம், "கேட்டா பதில் சொல்லுங்க, எரிஞ்சு விழாதீங்க" என்று புத்தி சொல்லியும் அனுப்பியிருக்கிறாள்.

கனகேஸ்வரி முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாள். நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து லிஃப்டுக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஜெயராஜ் இப்போது ஹெல்மெட் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோராவது மாடிக்கு வந்து யுகேந்திரனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். சாயம் போடுவதையும் விட்டுவிட்டான். அவன் வந்தால் அவள் எழுந்து போய்த் தேத்தண்ணீர் போடுவாள்.

யுகேந்திரனுக்கு நடை திரும்பிவிட்டது, பசி இருக்கிறது, பழைய கதையெல்லாம் பிசகாமல் சொல்கிறான். காலையில் குளித்துச் சட்டை போட்டதும் கதவுக்குப் பின்னால் ஆணியைத் தடவிப் பார்க்கிறான். அப்புறம் ஹாலுக்கு வருகிறான். ஹெல்மெட் இன்னும் மேடையில்தான் இருக்கிறது. அவள் எத்தனையோ தரம் எடுத்து ஆணியில் மாட்டிப் பார்த்துவிட்டாள், ஆணியில் இருந்தால் அவன் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தேடிக் கீழே இறங்கிவிடுகிறான்.

"பூசை முடிஞ்சிருச்சா கனகா? எடுத்துக்கவா?" என்று கேட்கிறான்.

"முடிஞ்சிருச்சு. எடுத்துக்குங்க" என்கிறாள்.

அவன் எட்டி எடுக்கிறான். காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கிறான். அவள் எத்தனை தேய்த்தும் அந்தக் கறை போகவில்லை. "இல்ல போல இருக்கே, பொட்டு அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பத்திரமாக அதைத் திரும்ப மேடையில் வைத்துக் கும்பிடுகிறான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்து, "பரவால்ல, பக்கத்துலதானே" என்று கதவைத் திறக்கப் போகிறான். அவள் ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நிற்கிறாள்.